புதன் கட்டம்

குன்றுக்கு வந்து சேர்கிற எவருக்கும் ஆசான் முதலில் கொடுப்பது ஒரு நோட்டு. மந்திரம் கிடையாது, மாலை கிடையாது. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டங்கள் போட்டிருக்கும். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. அன்றைக்கு எந்தக் கோளைக் கண்ணால் பார்த்தாயோ அதன் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மேகம் மறைத்தால் மேகம் என்று எழுதலாம். தூங்கிப்போனால் தூக்கம் என்று எழுதலாம். பார்க்காததற்குப் புள்ளி வைக்கக் கூடாது.

இவ்வளவுதான் அங்கே படிப்பு.

ஆசானின் பெயர் உலகம்மை. வயது நாற்பத்து மூன்று. அவரிடம் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். சடையாண்டி பன்னிரண்டு வயது மூத்தவர்.

சடையாண்டி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. நாற்பத்தொரு பேரோடு வண்டியைப் பாறையில் சாய்த்து நிறுத்தினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் கைக்கு மட்டும் நடுக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை, தண்ணீர்ச் சொம்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. யாரோ சொல்லிக் குன்றுக்கு வந்தார். ஆசான் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்தார். அடுப்படியில் ஆள் இல்லை என்றார். சடையாண்டி அன்றைக்கு எடுத்த கரண்டியைப் பதினோரு வருஷமாகக் கீழே வைக்கவில்லை. நடுக்கம் எந்த நாளில் நின்றதென்று அவருக்கே தெரியாது.

சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் வட்டப்பாறையில் கூடுவார்கள். ஆசான் நடுவில். குன்றிலேயே தங்கியிருக்கும் பதினான்கு பேர் அவரைச் சுற்றி ஒரு வட்டம். இவர்களுக்கு அகத்தார் என்று பெயர். எப்போதாவது வந்து போகிறவர்கள் அதற்கு வெளியே இன்னொரு வட்டம். அவர்கள் புறத்தார். யாரும் சட்டம் போடவில்லை, பழகிப்போனது. சடையாண்டியின் இடம் ஆசானுக்கு வலப்பக்கம், நாலடி தூரத்தில்.

அந்த மாசி மாதத்துத் திங்கட்கிழமை, சாமான் ஏற்றி வந்தவரிடம் சடையாண்டிக்கு ஒரு கடிதம் இருந்தது. அதை நாலு தடவை படித்தார். பிறகு மடித்து அரிசிப் பானைக்குள் செருகி வைத்தார். மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வியாழக்கிழமை பாறையில் எல்லாரும் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினார்.

"ஆசானம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"அகக்கோளுக்கும் புறக்கோளுக்கும் என்ன வித்தியாசம்?"

வட்டத்தில் சிரிப்பு எழுந்தது. குன்றில் முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம் அது. அரிசியில் கல் பொறுக்கியபடியே புதியவர்களுக்கு அதைச் சொல்லித் தருவதே சடையாண்டிதான்.

"பதினோரு வருஷம் பொங்கிப் போட்டவருக்கு இன்னைக்குத்தான் பசிக்குது போல," என்றார் கனகவேல். ரேஷன் கடையில் எடை போட்டவர் அவர். எதையும் அளந்து சொல்வார், ஆனால் சொல்லாமல் இருக்க மாட்டார். "கேட்டுக்குங்கண்ணே. நாம நிக்கிற பூமிக்கு உள்பக்கமா சூரியனைச் சுத்தறது அகக்கோள். புதன், வெள்ளி. வெளிப்பக்கமா சுத்தறது புறக்கோள். செவ்வாய், வியாழன், சனி. உள்ள இருக்கறது சூரியனோட முந்தானையை விட்டு நகராது. வெளிய இருக்கறது வானத்துல எங்க வேணா திரியும். புதனுக்கு ஒரு சுத்து எண்பத்தெட்டு நாளு. சனிக்கு முப்பது வருஷம். போதுமா, இன்னும் ஒரு கரண்டி போடவா?"

பள்ளிக்கூடப் புத்தகம் செவ்வாயையும் உள்ளே சேர்க்கும். குன்றில் நிற்கிற இடத்தை வைத்துத்தான் கணக்கு.

"அது தெரியும்ப்பா," என்றார் சடையாண்டி. "நான் வித்தியாசத்தைக் கேட்டேன்."

கனகவேல் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஆசானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உங்க நோட்டைக் கொண்டாங்கண்ணே," என்றார் ஆசான். "எல்லா நோட்டையும்."

பதினோரு நோட்டு. சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஆசான் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, ஒரு பக்கத்தில் ஒட்டிக்காய்ந்த ஒரு கடுகு. வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி நாலு கட்டத்திலும் புள்ளிகள் தூறல் போட்டது போல இருந்தன. முதல் கட்டம் காலியாக இருந்தது. முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டு வரை காலி.

"புதன் எங்கண்ணே?"

"அது வர்ற நேரம் நான் அடுப்படியில இருப்பேன்மா. சாயங்காலம் உலை, விடியக்காலம் கஞ்சி. அது ஒரு அரை மணி நேரந்தான் தலை காட்டும். அதுக்குள்ள எனக்குச் சோறு குழைஞ்சிடும்."

"ஒரு நாள்கூடவா?"

"எல்லாருக்கும் பசிக்குமேம்மா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆசான் நோட்டுகளைக் கட்டித் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குச் சாயங்காலம் அடுப்பு என்னோடது. நீங்க மேலப்பாறைக்குப் போங்க."

"நான் கேட்டதுக்கு..."

"நாளைக்குச் சாயங்காலம்," என்றார் ஆசான்.

கனகவேலுக்கு வேறு கவலை. ஆசான் அடுப்பு மூட்டி அங்கே யாரும் பார்த்ததில்லை. "ஆசானே, நாளைக்கு வேணா நாங்க ஒருநாள் விரதமா இருந்துடறோமே."

"சாப்பிட்ட பெறகு இருங்க," என்றார் ஆசான்.

மறுநாள் நாலு மணிக்கே சடையாண்டி எல்லாம் எடுத்து வைத்தார். விறகைப் பிளந்து அடுக்கினார். பருப்பை வேக வைத்து இறக்கினார். ஊதுகுழலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை காட்டினார்.

"சாய்ச்சுப் பிடிக்கணும்மா. நேராப் பிடிச்சா சாம்பல் மூஞ்சியில வந்துடும்."

"சரிண்ணே."

"அரிசி நாலு படி. உப்புக் கல்லு அந்தச் சட்டியில. புளி..."

"பொழுது இறங்குதுண்ணே. கிளம்புங்க."

மேலப்பாறைக்கு நூற்று எண்பது படிகள். மற்றவர்கள் அன்றைக்குக் கீழப்பாறைக்குப் போயிருந்தார்கள். அந்த வாரம் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே நின்றது. இந்தப் பக்கம் சூரியன் விழ, அந்தப் பக்கம் வியாழன் எழும். அதைப் பார்க்கப் போன வழியில் கனகவேல் சடையாண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "உங்களுக்கு நல்ல நாளுண்ணே. புதன் சூரியனை விட்டு ரொம்ப விலகி நிக்கிற நாளு இன்னைக்கு. இதைவிட்டா அப்புறம் மறுபடி உள்ள போயிரும்."

சடையாண்டி தனியாக உட்கார்ந்தார். நோட்டு மடியில், பேனா சட்டைப்பையில். இந்த நேரத்தில் கையில் கரண்டி இல்லாமல் இருப்பது என்னவோ போல இருந்தது. கீழே அடுப்படிக் கூரையிலிருந்து புகை வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது. ஆசான் ஊதுகுழலை நேராகப் பிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

சூரியன் அடிவானத்தைத் தொட்டபோது அவருக்கு அரிசிப் பானை ஞாபகம் வந்தது.

எழுந்துவிட்டார். ஆசான் இந்நேரம் உலை வைத்திருப்பார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பானைக்குள் கையை விடுவார். ஓடினால் பிடித்துவிடலாம். மூட்டு வலியோடு நூற்று எண்பது படி இறங்கினாலும் பிடித்துவிடலாம். ஆனால் திரும்ப ஏறி வருவதற்குள் புதன் போய்விடும்.

கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு நடுங்கியது.

நின்றபடியே சூரியன் இறங்குவதைப் பார்த்தார். ஒரு நகக்கண் அளவு மிச்சம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. அடிவானம் மாம்பழத் தோல் நிறத்துக்கு வந்தது. ஒரு முடிவும் எடுக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

மேற்கே ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. கண்ணை மூடித் திறந்தார். தூரத்தில் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே, அவர் எதிர்பார்த்ததைவிடக் கீழே, ஒரு பொறி இருந்தது. அடுப்பிலிருந்து பறந்துபோய் அணைய மறந்த பொறி மாதிரி. இல்லையென்று நினைத்தால் இல்லை, பார்த்தால் இருந்தது.

சடையாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் மறந்துபோனது. கை மறந்துபோனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நோட்டை விரித்து முதல் கட்டத்தில் புள்ளி வைத்தார். பேனாவை மூடும்போது யதேச்சையாகத் திரும்பினார். பின்னால் கிழக்கே வியாழன் கைவிளக்குப் போல ஏறி நின்றது.

அவர் இறங்கி வந்தபோது பந்தி போட்டிருந்தார்கள். வழக்கமாகக் கடைசியில் சாப்பிடுகிறவர் அவர். அன்றைக்கு ஆசான் அவரைத்தான் முதலில் உட்கார வைத்தார். ஆசானின் கன்னத்தில் கரி. வலது கைப் பெருவிரலில் கொப்புளம். சோறு அடிப்பிடித்திருந்தது.

"புகை வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றார் கனகவேல். "மத்தபடி சோறுன்னு அடையாளம் தெரியுது."

இரண்டு கவளம் சாப்பிட்டதும் அவருக்கு இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர். "குழம்பு ஏன் இன்னைக்கு இம்புட்டுக் காரம்?"

"எல்லாருக்கும் ஒரே காரந்தான்," என்றார் ஆசான்.

"எனக்கு வயித்துப்புண்ணு ஆசானே. எப்பவும் காரமே இருக்காதே."

ஆசான் கரண்டியைப் பானையில் வைத்தார். "அடுப்படிச் சுவத்துல கரிக்கட்டையில எழுதியிருக்கு. நான் குழம்பை இறக்கின பெறகுதான் பாத்தேன். கனகு, மிளகாய் இல்லை. மாரியக்கா, சோறு குழைய. பூசாரி, புளி ஆகாது. ஆசான், உப்பு பாதி." கொஞ்சம் நிறுத்தினார். "பதினாலு பேருக்கும் இருக்கு. பதினாலு சின்னச் சட்டியும் இருக்கு. நான் எல்லாரும் ஒரே குழம்பைத்தான் சாப்பிடறோம்னு நினைச்சுட்டிருந்தேன்."

கனகவேல் கண்ணைத் துடைத்தார். அது காரத்தினால் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் சடையாண்டி பாத்திரம் கழுவப் போனார். ஆசானும் வந்து எதிரில் உட்கார்ந்தார். அடிப்பிடித்த பானையை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தேய்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆசான் ஈரக் கையைச் சேலையில் துடைத்து, இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"அரிசிக்குள்ள இருந்துச்சு."

"படிச்சீங்களாம்மா?"

"உறைமேல உங்க பேருதான் இருந்துச்சு. என் பேரு இல்லையே."

சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "எம்மக பவளம். தூத்துக்குடியில நர்சு. மாப்பிள்ளை கப்பல்ல போயிட்டாரு. ரெண்டாவது பிள்ளைக்கு இப்பத்தான் மூணு மாசம். லீவு முடியுதாம். நீங்க வந்து இருந்தா எனக்குப் பயமில்லப்பான்னு எழுதியிருக்கா." பானையை ஒரு சுற்றுச் சுற்றினார். "அவளுக்குப் பயமில்லையாம். எனக்குத்தாம்மா பயம்."

"எதுக்குப் பயம்?"

"இந்தக் கைதான். இங்க வந்துதான் நின்னுச்சு. உங்களுக்கு நாலடியில உக்காந்திருக்கேன், அதனால நின்னுச்சு. அம்புட்டுத் தூரம் போயி, பச்சப் பிள்ளையத் தூக்கும்போது மறுபடி வந்துச்சுன்னா?"

ஆசான் பானையின் விளிம்பைத் தேய்த்தார்.

"அதைத்தாம்மா நேத்துக் கேட்டேன். சூரியன் பக்கத்துலயே இருந்தது ஒருநாள் வெளிய போச்சுன்னா..." முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்.

"இன்னைக்கு வச்ச புள்ளியைக் காட்டுங்க."

நோட்டை விரித்துக் காட்டினார். ஆசான் விளக்கை உயர்த்திப் பார்த்தார்.

"இது எப்ப வச்சது?"

"ஏழு மணி இருக்கும்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"அடுப்படியில."

"எவ்வளவு தூரம்?"

"நூத்தியெம்பது படி."

ஆசான் இன்னொரு தடவை பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல உருண்டையா இருக்கு," என்றார்.

சடையாண்டி அந்தப் புள்ளியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். சாம்பலும் ஈரமுமாக, அது பாட்டுக்கு இருந்தது.

"ஏண்ணே," என்றார் ஆசான். "புதன் தினமுந்தானே அங்க இருக்கு. இன்னைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"அது தினமும் சூரியன் வெளிச்சத்துல முங்கிக் கெடக்கும்மா. இன்னைக்குக் கொஞ்சம் விலகி..." அவர் நிறுத்தினார்.

ஆசான் அடுப்படிச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கரிக்கட்டை எழுத்துகள் விளக்கொளியில் தெரிந்தன.

"எனக்கும் இன்னைக்குத்தாண்ணே தெரிஞ்சது," என்றார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் பஸ். சடையாண்டி அன்றும் கஞ்சி காய்ச்சிவிட்டுத்தான் துணிப்பையை எடுத்தார். கரண்டி கனகவேலின் கையில் இருந்தது. நேற்று ராத்திரியே அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"மிளகாய் போடாத சட்டி எதுன்னு மட்டும் காட்டிட்டுப் போங்கண்ணே."

"காது உடைஞ்சது."

"அதான் என்கிட்ட எதைச் சொன்னாலும் ஏற மாட்டேங்குது."

மாரியக்கா ஒரு டப்பாவில் வறுத்த பொரிமாவு கொடுத்தார். பூசாரி என்று எல்லாரும் கூப்பிடுகிற மனிதர் ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பத்துப் படி முன்னால் இறங்கினார். பதினோரு வருஷத்தில் அவர் சடையாண்டியிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

வட்டப்பாறையைத் தாண்டும்போது சடையாண்டி நின்றார். ஆசான் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் பெருவிரலைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. காலைத் தொடக் குனிந்தவரின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தச் சுவரை வெள்ளையடிக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன்," என்றார்.

சடையாண்டி உள்வட்டத்தில் தன் இடத்தைப் பார்த்தார். அந்தக் கல் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. அதற்கு வெளியே இருந்த வட்டத்தையும் பார்த்தார்.

"அப்ப இனிமே நான் புறத்தான்தானேம்மா?"

ஆசான் ஒரு நோட்டை நீட்டினார். புது நோட்டு. கோடுகள் அவர் கையால் போட்டவை. கட்டைவிரல் கொப்புளத்தோடு போட்டதால் கொஞ்சம் கோணியிருந்தன. சடையாண்டி முதல் பக்கத்தைத் திறந்தார். புதன். வெள்ளி. செவ்வாய். வியாழன். சனி. சனிக்கும் அந்தப் பக்கம், ஓரத்தில், இன்னும் ஒரு கட்டம் இருந்தது. தலைப்பில் குன்று என்று எழுதியிருந்தது.

"ஆறாவதா ஒண்ணு போட்டிருக்கீங்களேம்மா."

"அது நாங்கதாண்ணே," என்றார் ஆசான். "நிக்கிற இடத்தை வச்சுத்தானே கணக்கு. பவளம் வீட்டு மாடியில நின்னு பாருங்க. தெரியற அன்னைக்கு ஒரு புள்ளி வைங்க."